சுழற்சி 28 நாள் இல்லாதவர்கள் கருமுட்டை நாளை எப்படிக் கணக்குப் போடுவது?

மழைச்சாரல்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 29, கல்யாணமாகி இரண்டாவது வருடம் ஓடுகிறது, ஊர் திருப்பூர் பக்கம். குழந்தைக்குத் தயார் என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தது இந்தப் பொங்கலுக்குப் பிறகுதான், ஆனால் சொந்தக்காரர்கள் "விசேஷம் ஏதும் உண்டா" என்று கேட்க ஆரம்பித்தது அதற்கு எவ்வளவோ முன்னாலேயே. அதை விடுங்கள், என் கேள்வி வேறு. போனில் இரண்டு ஆப் வைத்திருக்கிறேன். ஒன்று 14ஆம் நாள் கருமுட்டை வெளியாகும் என்கிறது, இன்னொன்று 20 என்கிறது. கடைசியாக எனக்கு வந்த இடைவெளிகள் 31, 36, 33, 38, 32, 35. எதை நம்புவது? இதில் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று அம்மா வேறு சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

வார்டு அக்கா:
மகப்பேறு வார்டில் நர்ஸாக ரொம்ப வருடம் இருக்கிறேன், இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருத்தியாவது கேட்கிறாள். முதலில் எண்ணும் விஷயத்தை முடித்துவிடுவோம். ரத்தப்போக்கு நன்றாக ஆரம்பிக்கிற நாள்தான் ஒன்றாம் நாள். முந்தின நாள் லேசாகக் கறைபட்டது கணக்கில் வராது, தலைக்குக் குளிக்கிற நாளும் வராது. அம்மா சொல்கிறபடி எண்ணினால் மொத்தக் கணக்கும் மூன்று நான்கு நாள் நகர்ந்துவிடும்.

அடுத்தது அந்த 14. அது 28 நாளுக்கு ஒரு முறை வருகிறவளுக்கு உத்தேசமாகச் சொன்னது, அதையே எல்லோர் தலையிலும் கட்டிவிட்டார்கள். ஒரு மாதச் சுழற்சியில் இரண்டு பாதி உண்டு. முட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வரைக்கும் இருக்கிற பின்பாதி ஓரளவு நிலையானது, பெரும்பாலானவர்களுக்கு 12லிருந்து 14 நாள், சிலருக்கு 10, சிலருக்கு 16 வரை. இழுத்தடிப்பது முன்பாதிதான். சினைப்பையில் முட்டை இருக்கிற பை வளர்ந்து, அது சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் ஒரு அளவைத் தாண்டி இரண்டு நாளாவது நிலைத்து நின்றால்தான் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எல்எச் என்கிற ஹார்மோனை ஒரே வீச்சில் தள்ளும், அதற்கு ஒன்றரை நாள் போல கழித்து முட்டை வெளியே வரும். காய்ச்சல், சரியான தூக்கமில்லாதது, எடை சட்டென்று ஏறுவது இறங்குவது, தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறு, மனசுக்குள் இருக்கிற பாரம், எது வந்தாலும் இந்த முன்பாதிதான் நீளும். மாதவிடாய் தாமதமாக வந்தது என்றால் பெரும்பாலும் முட்டையே தாமதமாகத்தான் வெளியாகி இருக்கிறது.

அதனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும் பாப்பா. உனக்கு 31 நாளில் வந்த மாதத்தில் முட்டை 17ஐ ஒட்டி வந்திருக்கும், 38 நாளில் வந்த மாதத்தில் 24ஐ ஒட்டி. 14 என்று காட்டுகிற ஆப்பில் சுழற்சி 28 என்று தானாகவே போட்டிருக்கும், அமைப்பில் போய்ப் பார். 20 என்று சொல்வது உன் சராசரி 34ஐ எடுத்து 14ஐக் கழித்திருக்கிறது. அது பரவாயில்லை, ஆனால் சராசரி என்பது நடந்து முடிந்த மாதங்களைப் பற்றிச் சொல்வது. இந்த மாதம் முட்டை எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது.

கணக்கு வாத்தியார்:
அக்கா சொன்னது மிகச் சரி, அந்தப் பின்னோக்கி எண்ணும் யோசனைக்கே நூறு வயது. 1924இல் ஜப்பானில் ஒகினோ என்ற டாக்டர், முட்டை வெளியாவது அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாள் முன்னால் என்று சொன்னார். 1928இல் ஆஸ்திரியாவில் க்னாஸ் என்பவர் தனியாக அதே மாதிரியான முடிவுக்கு வந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் சுலபமானது. உங்கள் மிகக் குறைந்த சுழற்சியிலிருந்து 18ஐக் கழியுங்கள், மிக நீண்ட சுழற்சியிலிருந்து 11ஐக் கழியுங்கள். உங்களுக்கு 31 கழித்தல் 18 என்றால் 13, 38 கழித்தல் 11 என்றால் 27. ஆக 13ஆம் நாளிலிருந்து 27ஆம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு. 15 நாள் என்றதும் இவ்வளவா என்று தோன்றும், ஆனால் சுழற்சி ஏழு நாள் ஏறி இறங்குகிறவருக்கு வெறும் காலண்டர் இதைவிடக் குறுக்கிச் சொல்ல முடியாது, குறுக்கிச் சொல்கிற ஆப் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறது.

2019இல் ஒரு ஆப்பில் பதிவான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரிச் சுழற்சி 29.3 நாள், முன்பாதி சராசரி 16.9 நாள், பின்பாதி 12.4 நாள். சரியாக 28 நாளில் வந்தவை நூற்றுக்குப் பதின்மூன்றுதான். நம் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற அந்தப் படத்துக்குள் உட்காருகிறவர்கள் அவ்வளவு பேர்தான்.

நேர்ப்பேச்சு:
எதற்கு இவ்வளவு கணக்கு? ஒன்று விட்டு ஒரு நாள் சேர்ந்து இருங்கள், முடிந்தது வேலை. எங்களுக்கு அப்படித்தான் நின்றது. நாள் குறித்து, மணி பார்த்து, கிட் பார்த்து என்று போனால் அது ஆபீஸ் வேலை மாதிரி ஆகிவிடும், கணவன் மனைவிக்குள் இருக்கிற கொஞ்சநஞ்ச சந்தோஷமும் போய்விடும். என் நண்பன் ஒருவன் மனைவியிடமிருந்து "இன்று" என்று ஒரே வார்த்தையில் வாட்ஸ்அப் வந்தால் பயந்துபோய் ஓவர்டைம் எடுத்துக்கொள்வான்.

கணக்கு வாத்தியார்:
சிரித்துவிட்டேன். ஆனால் அதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது, நீங்கள் சொல்வது தவறில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் 221 பெண்களைத் தினமும் சிறுநீர் சேகரிக்கச் சொல்லி ஹார்மோன் பார்த்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இது. கருத்தரித்தது எல்லாம் முட்டை வெளியான நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்ந்த ஆறு நாளுக்குள்ளேதான். ஐந்து நாள் முன்னால் சேர்ந்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து, முட்டை நாளன்று நூற்றுக்கு முப்பத்து மூன்று. மறுநாள் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஏனென்றால் முட்டைக்கு 12இலிருந்து 24 மணி நேரம்தான் ஆயுள், விந்தணுவோ நல்ல சளி இருக்கிற நாட்களில் ஐந்து நாள் வரை உள்ளே உயிரோடு இருக்கும். அதனால் முட்டை வருவதற்கு முன்பே ஆள் போய்க் காத்திருக்க வேண்டும். ஒன்று விட்டு ஒரு நாள் என்பது அதைத் தானாகவே செய்துவிடுகிறது. அதே பெண்களின் தரவை வைத்து 2000இல் இன்னொரு கட்டுரை வந்தது, அதன்படி இந்த ஆறு நாளும் முழுக்கச் சுழற்சியின் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் நடுவில் அமைந்தவர்கள் முப்பது சதவீதம் பேர்தான்.

ஆனால் எல்லோராலும் மாதம் முழுக்க ஒன்று விட்டு ஒரு நாள் முடியாது. ஒருவர் வெளியூரில் வேலை, ஒருவர் நைட் ஷிப்ட். அவர்களுக்குக் கணக்கு தேவைப்படுகிறது.

மழைச்சாரல்:
வாத்தியார் சார் என் வீட்டுக் கதையை எட்டிப் பார்த்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. அவர் நிட்டிங் கம்பெனியில் ஷிப்ட், வாரம் மாறி வாரம் இரவு வேலை. அதனால்தான் சரியான நாள் தெரிந்தால் லீவு சொல்லலாமே என்று கேட்டேன். மெடிக்கலில் ஓவுலேஷன் கிட் விற்கிறார்களே, அது வாங்கலாமா? பிரக்னன்ஸி கிட் மாதிரிதான் கோடு வருமா?

பிசிஓடி போராளி:
கிட் விஷயத்தில் நான் சொல்கிறேன். கோடு வருவதை அப்படியே பிரக்னன்ஸி கிட் மாதிரி படிக்கக் கூடாது, இதுதான் நிறையப் பேர் தெரியாமல் விட்டுவிடுவது. இதில் மங்கலாக இரண்டாவது கோடு எப்போதும் இருக்கலாம், எல்எச் உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். அந்தக் கோடு, பக்கத்தில் எப்போதும் வருகிற கட்டுப்பாட்டுக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ வந்தால்தான் பாசிட்டிவ். வந்துவிட்டால் அடுத்த ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் முட்டை வரும் என்று எடுத்துக்கொள்ளலாம், அன்றும் அதற்கடுத்த இரண்டு நாளும் தவறவிடாதீர்கள். எப்போது தொடங்குவது என்றால் குறைந்த சுழற்சியிலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்வார்கள், உங்களுக்கு 14ஆம் நாள். ஒரு பெட்டியில் ஐந்து குச்சிதான் வரும், உங்கள் மாதிரி ஏறி இறங்கும் சுழற்சிக்கு அது போதாது, மொத்தமாக வாங்குவது லாபம். காலை முதல் சிறுநீர் வேண்டியதில்லை, மதியத்துக்கு மேல் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்காதீர்கள்.

ஆனால் பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் இந்தக் கிட் ஏமாற்றும். எங்களுக்கு எல்எச் அடிப்படையிலேயே கூடுதலாக இருக்கும், அதனால் நாள் கணக்கில் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும், முட்டை வந்திருக்கவே இருக்காது. சில சமயம் உடம்பு முயற்சி செய்து எல்எச்சை ஏற்றும், முட்டை வெளியே வராது, பத்து நாள் கழித்து மறுபடி ஏற்றும். உங்களுக்கு மீசை முடி, பரு, திடீர் எடை என்று ஏதாவது இருக்கிறதா? 38 வரை போகிறது என்பதால் கேட்கிறேன், பயமுறுத்த அல்ல.

மழைச்சாரல்:
அப்படி எதுவும் இல்லை அக்கா. தைராய்டு மட்டும் பார்க்கவில்லை.

வார்டு அக்கா:
டிஎஸ்எச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று பார்த்துவிடு, சின்னச் செலவு. அப்புறம் கிட்டுக்குக் காசு போடுவதற்கு முன்னால் காசில்லாத ஒன்றைச் சொல்கிறேன், அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் நம்பிக்கையானது. கருப்பை வாயிலிருந்து வருகிற சளி. மாதவிடாய் முடிந்ததும் சில நாள் வறட்சியாக இருக்கும், பிறகு கெட்டியாக, ஒட்டுகிற மாதிரி, வெள்ளையாக வரும், அப்புறம் கிரீம் மாதிரி, அப்புறம் ஒரு நாள் பார்த்தால் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வழுக்கலாக, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் அறுந்து போகாமல் நீளும். ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் வருவது அது, விந்தணு நீந்திப் போக வழி விடுகிற சளி அதுதான். அந்த வழுக்கல் தெரிந்த முதல் நாளிலிருந்தே சேர்ந்திருங்கள், அது கடைசியாகத் தெரிந்த நாளை ஒட்டித்தான் முட்டை வெளியாகும். மறுநாளே சட்டென்று வறண்டுவிடும். மெல்போர்னில் பில்லிங்ஸ் என்ற டாக்டர் தம்பதி இதை வைத்தே ஒரு முறையை உருவாக்கினார்கள், அதனால் இதற்குப் பில்லிங்ஸ் முறை என்றே பேர்.

நம் ஊரில் என்ன பிரச்சினை என்றால் எது பட்டாலும் வெள்ளைப்படுதல் என்று சொல்லி, எலும்பு உருகிப் போகிறது என்று பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். வார்டுக்கு அப்படிப் பயந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நடப்பது இதுதான், நல்ல ஆரோக்கியமான முட்டைச் சளி. அரிப்பு, நாற்றம், தயிர்த் திப்பி மாதிரி, பச்சையாக மஞ்சளாக என்றால் அது நோய்த்தொற்று, அதற்குத் தனியாகக் காட்ட வேண்டும். ஒன்று கவனி, சேர்ந்திருந்த மறுநாள் விந்து கலந்திருப்பதால் சளியைப் படிக்க முடியாது. கடையில் விற்கிற வழுக்கு ஜெல்லும் எச்சிலும் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும், அதைத் தவிர்த்துவிடு.

உஷ்ணம் பார்ப்பது என்று ஒன்று உண்டு. காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழாமல், பேசாமல், காபி குடிக்காமல் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது. முட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் ஏறுவதால் 0.2லிருந்து 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடும், மூன்று நாள் தொடர்ந்து கூடி நின்றால் முட்டை வந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்துவிட்டது என்பதைக் கவனி. இந்த மாதத்துக்கு அது உதவாது, இரண்டு மூன்று மாதம் எழுதி வைத்தால் உனக்கு வழக்கமாக எப்போது வருகிறது என்று தெரியும். அவர் நைட் ஷிப்டில் இருந்து வரும்போது கதவு திறக்க எழுகிறாய் என்றால் அதுவும் சரியாக வராது. சிலருக்கு அந்த நாளில் அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலிக்கும், அதை நம்பி நாள் குறிக்காதே.

கிராமத்துக் காற்று:
எங்கள் பாட்டி எல்லாம் கிட் பார்த்தா பதினோரு பிள்ளை பெற்றாள்? தலைக்குக் குளித்த நாலாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை, அதில் இரட்டைப்படை நாள் என்றால் ஆண், ஒற்றைப்படை என்றால் பெண். தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஆடியில் மட்டும் பிரித்து வைப்பார்கள்.

கணக்கு வாத்தியார்:
தொல்காப்பியத்தில் ஒற்றைப்படை இரட்டைப்படை எதுவும் கிடையாது ஐயா. கற்பியலில் வருவது வேறு, பரத்தையிடம் போன கணவன்கூட மனைவிக்குப் பூப்பு வந்ததிலிருந்து பன்னிரண்டு நாள் அவளை விட்டு விலகி இருக்கக் கூடாது என்கிறது. கரு நிற்கிற காலத்தைக் கவனித்துத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் மழைச்சாரல் மாதிரி நீண்ட சுழற்சிக்காரிக்கு அந்தப் பன்னிரண்டு நாள் முடிந்த பிறகுதான் கதையே ஆரம்பிக்கும். ஆடிக் கணக்கு மட்டும் சரியாக வரும். கரு நின்றதிலிருந்து 266 நாள் என்று வைத்தால் ஆடியில் நின்றது சித்திரையில் பிறக்கும், அந்த வெயிலில் பிரசவம் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். ஆண் பெண் விஷயத்தை வட கரோலினா ஆய்விலேயே பார்த்துவிட்டார்கள், சேர்ந்த நாளுக்கும் குழந்தையின் பாலினத்துக்கும் தொடர்பே இல்லை.

காவிரிக்கரை:
ஃபாலிகுலர் ஸ்டடி பற்றி யாரும் சொல்லவில்லையே. அந்தரங்க வழி ஸ்கேனில் முட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒன்று விட்டு ஒரு நாள் பார்ப்பார்கள். "முட்டை 18 எம்எம்" என்று சொல்வது உண்மையில் முட்டை இருக்கிற பையின் அளவு, முட்டை ஸ்கேனில் தெரிகிற சைஸே இல்லை. 18லிருந்து 24 எம்எம் போல வந்ததும் வெடிக்கும், வெடிக்க வைக்க ஊசியும் போடுவார்கள், ஊசி போட்டு 36 மணி நேரம் போல என்று கணக்கு. துல்லியம் என்றால் இதுதான் துல்லியம். எனக்கு ஒரு கிளினிக்கில் எல்லோருக்கும் போல 9ஆம் நாளே வரச் சொல்லிவிட்டார்கள், என் சுழற்சி 36 என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை, வளர்ச்சி இல்லை வளர்ச்சி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். வேறு டாக்டர் 14இல் ஆரம்பித்து 22இல் வெடித்ததைக் காட்டினார். போகிறவர்கள் முதலிலேயே உங்கள் நாள் கணக்கை எழுதிக்கொண்டு போய் மேஜையில் வையுங்கள்.

நேர்ப்பேச்சு:
அதற்கு முன்னால் ஆண்கள் பக்கம் ஒரு டெஸ்ட் எடுங்கள் அப்பா. ஊரெல்லாம் பெண்ணை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு அலைகிறது, குழந்தை தாமதமாகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதி இடத்தில் ஆண் பக்கக் காரணமும் கலந்திருக்கிறது என்று டாக்டரே சொல்கிறார். விந்துப் பரிசோதனைக்கு இரண்டிலிருந்து ஏழு நாள் வரை விலகி இருந்துவிட்டுப் போய் ஒரு டப்பாவில் கொடுத்தால் வேலை முடிந்தது, வலியும் இல்லை. அணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், அதனால் டெங்குவோ பெரிய காய்ச்சலோ வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் சரியான எண் வரும். பாய்லர், சாயப்பட்டறை என்று சூட்டில் நிற்கிற வேலைக்காரர்கள் கட்டாயம் பாருங்கள். கௌரவம் பார்த்து வருடத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

வார்டு அக்கா:
நேர்ப்பேச்சு தம்பி, இதை மட்டும் நான் பெரிய எழுத்தில் அடித்து ஓபி வாசலில் ஒட்ட வேண்டும்.

புதியவள்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இப்போது குழந்தை வேண்டாம், முதல் பிள்ளைக்கு ஒன்றரை வயது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டு "சேஃப் நாள்" பார்த்துக்கொள்ளலாமா? ஆப் பச்சை நிறம் காட்டினால் பாதுகாப்புதானே?

வார்டு அக்கா:
ஆப் காட்டுகிற பச்சையை நம்பி வந்து வார்டில் படுத்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் உருவாக்கிய, நாள் எண்ணுகிற முறை ஒன்று இருக்கிறது, 8ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை சேராமல் தவிர்ப்பது, அதற்கென்று வேறு வேறு நிற மணி கோத்த மாலைகூட வந்தது. 26க்கும் 32க்கும் நடுவில் ஒழுங்காக வருகிறவர்களுக்கு மட்டும்தான் அது. சாதாரணமாகப் பயன்படுத்துகிற நூறு பேரில் 12 பேர் வருடத்துக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். தாய்ப்பால் கொடுக்கிறாயா, கொடுத்தால் சுழற்சி இன்னும் ஒரு நிலைக்கு வந்திருக்காது, உனக்கு இது வேண்டவே வேண்டாம். காப்பர் டி, ஆணுறை, அந்தரா என்கிற கருத்தடை ஊசி, எல்லாம் அரசு மருத்துவமனையிலேயே இலவசம். ஒகினோ பெயரில் இந்த முறை ஓடினாலும் அவரே தன் கணக்கைக் கருத்தடைக்குப் பயன்படுத்துவதை ஒத்துக்கொள்ளவில்லை.

மழைச்சாரல்:
எவ்வளவு விஷயம்! இவ்வளவையும் எந்த ஆப்பும் சொல்லவில்லை. கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டு அண்ணிக்கு "21ஆம் நாள் புரொஜெஸ்டிரோன்" எழுதிக் கொடுத்தார்களாம், முட்டை வரவில்லை என்று ரிசல்ட். எனக்கும் எடுக்கச் சொன்னால் 21இல் எடுக்கலாமா?

வார்டு அக்கா:
21 என்பதும் அந்த 28 நாள்காரிக்கு வைத்த நாள்தான். அந்த டெஸ்ட் மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டியது, 35 நாள்காரிக்கு 28இல். உனக்குச் சுழற்சி எந்த நாளில் முடியும் என்று முன்கூட்டித் தெரியாததால், கிட் பாசிட்டிவ் வந்த பிறகு ஏழெட்டு நாள் கழித்து எடு. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வந்திருக்கிறது. அண்ணிக்கும் நீண்ட சுழற்சி என்றால் 21இல் எடுத்ததில் குறைவாகத்தான் காட்டும், மறுபடி சரியான நாளில் எடுக்கச் சொல்.

இப்போதைக்கு 13ஆம் நாளிலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள், சளி வழுக்கலானால் அல்லது கிட் அழுத்தமாக வந்தால் தினமும், இது போதும். லீவு சொல்வது அந்த இரண்டு மூன்று நாளுக்குச் சொன்னால் போதும். போலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இன்றிலிருந்தே ஆரம்பி, கரு நின்றது தெரிந்த பிறகு ஆரம்பித்தால் குழந்தையின் தண்டுவடம் உருவாகிற நேரம் தாண்டியிருக்கலாம். ஒரு வருடம் முயற்சி செய்தும் நிற்கவில்லை என்றால் இருவருமாக டாக்டரிடம் போங்கள். 35 வயது தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போக வேண்டும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சுழற்சி 38ஐயும் தாண்டிப் போக ஆரம்பித்தால் வருடம் எல்லாம் காத்திருக்காதே.

காவிரிக்கரை:
நின்ற பிறகு வருகிற குழப்பத்தையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், நான் இரண்டு வாரம் அழுத கதை அது. டாக்டர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரம் எண்ணுவார்கள், அது 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு. நமக்கு முட்டை ஒரு வாரம் தாமதமாக வந்திருக்கும், அதனால் ஆறரை வாரம் என்று ஸ்கேன் எடுத்தால் உள்ளே ஐந்தரை வாரக் கருதான் இருக்கும், இதயத்துடிப்பு தெரியாது, "வளர்ச்சி இல்லை, பத்து நாள் கழித்து வாருங்கள்" என்பார்கள். பதறாதீர்கள். உங்கள் சுழற்சி 35 என்று சொல்லுங்கள், கிட் பாசிட்டிவ் வந்த தேதி இருந்தால் அதையும் சொல்லுங்கள், பத்து நாள் கழித்து எடுத்ததில் எனக்குத் துடிப்பு நன்றாகவே கேட்டது. பிரசவத் தேதியையும் அந்த ஸ்கேனை வைத்து ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். தேதியை மாற்றாமல் விட்டிருந்தால் கடைசியில் நாள் தாண்டிவிட்டது என்று வலி வரும் முன்பே மருந்து ஏற்றியிருப்பார்கள்.

மழைச்சாரல்:
தேதி எல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன், ஆப் ஒன்றை அழித்தாயிற்று. டிஎஸ்எச் திங்கட்கிழமை எடுக்கிறேன், அவர் டெஸ்டுக்கும் அன்றைக்கே வருகிறேன் என்கிறார். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.